சர்க்கரையின் செறிவு கூடும்போது நொதியின் வேகம் எப்படி மாறுகிறது: ஈஸ்ட் இன்வர்டேஸை வைத்து அளக்கும் முறை

வினைபடு பொருளின், அதாவது சப்ஸ்ட்ரேட்டின், செறிவைக் கூட்டினால் நொதி வினையின் வேகம் முதலில் மளமளவென்று ஏறும். பிறகு ஏற்றம் தளரும். கடைசியில் எவ்வளவு சேர்த்தாலும் பெரிதாக மாறாமல் ஒரு மட்டத்தை நெருங்கும். இந்த வளைகோட்டைப் பாடப்புத்தகத்தைப் பார்த்து வரைவது எளிது. ஆய்வகத்தில் அளந்து எடுப்பது அவ்வளவு எளிதல்ல. பலருக்கு நேர்கோடு வந்துவிடும், அல்லது பொய்யான மட்டம் ஒன்று வந்து அதுதான் சரி என்று நம்பவைத்துவிடும். நொதியின் அளவையும் நேரத்தையும் முதலில் சரிபார்க்காமல் நேரடியாகச் செறிவு வரிசைக்குப் போவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். அதனால் இந்த வழிகாட்டியின் பாதி இடம் அந்த முன்வேலைக்கே போகிறது.

எந்த நொதி, ஏன்

பேக்கரி ஈஸ்ட்டில் கிடைக்கும் இன்வர்டேஸை எடுத்துக்கொள்வோம். அது சுக்ரோஸை நீரால் பிளந்து குளுக்கோஸ் ஒன்றும் ஃப்ரக்டோஸ் ஒன்றுமாக ஆக்குகிறது. 1913இல் பெர்லினில் லியோனர் மைக்கேலிஸும் மாட் மென்டனும் நொதி வேகச் சமன்பாட்டைச் சோதித்துக் காட்டியதும் இதே வினையில்தான். அவர்களுக்கு முன்பே விக்டர் ஹென்றி 1903இல் அந்தச் சமன்பாட்டின் வடிவத்தை எழுதியிருந்தார். மைக்கேலிஸும் மென்டனும் அசிட்டேட் பஃபர் சேர்த்து பி.எச் மாறாமல் காத்தார்கள். வினையின் தொடக்க வேகத்தை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். இன்றைக்கும் நாம் செய்ய வேண்டியது இவ்விரண்டும்தான்.

கல்லூரிகளில் வழக்கமாகச் செய்யும் உமிழ்நீர் அமைலேஸ் சோதனை இதற்கு அவ்வளவு பொருந்தாது. ஸ்டார்ச்சுக்கு ஒரே மூலக்கூறு எடை கிடையாது, அதனால் செறிவை மோலாரில் சொல்ல முடியாது. அதோடு, வெட்டப்பட்ட ஒவ்வொரு துண்டும் நொதிக்கு மறுபடியும் இரையாகிறது. உருளைக்கிழங்குக் கேட்டலேஸும் ஹைட்ரஜன் பெராக்சைடும் நுரையோடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பெராக்சைடு அதிகமானால் அந்த நொதியே செயலிழக்கும், எதிர்பார்த்த மட்டமும் ஒழுங்காக வராது. இன்வர்டேஸில் இந்தத் தொல்லைகள் இல்லை. சுக்ரோஸ் ஒடுக்கும் சர்க்கரை (அதாவது மற்றொரு பொருளுக்கு எலக்ட்ரான் கொடுத்து அதை மாற்றும் சர்க்கரை) அல்ல, விளைபொருள்கள் இரண்டுமே ஒடுக்கும் சர்க்கரைகள். ஆகவே ஒடுக்கும் சர்க்கரையோடு சூடேற்றினால் நிறம் மாறும் டி.என்.எஸ்.ஏ (டைநைட்ரோசாலிசிலிக் அமிலம்) கரைசலில் விளைபொருள் மட்டும் நிறம் தரும்.

கரைசல்கள்

பஃபர்: கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5.75 மி.லி. எடுத்து நீரில் ஊற்றி 1 லிட்டராக்கினால் 0.1 மோலார். சோடியம் அசிட்டேட் ட்ரைஹைட்ரேட் 13.6 கிராமை 1 லிட்டர் நீரில் கரைத்தால் அதுவும் 0.1 மோலார். நீரற்ற உப்பு என்றால் 8.2 கிராம் போதும். புட்டியின் லேபிளில் எது என்று பார்த்துவிட்டு எடை போடுங்கள். இரண்டையும் சம அளவில் கலந்தால் பி.எச் 4.7 அளவில் வரும். ஈஸ்ட் இன்வர்டேஸ் நன்றாக வேலை செய்யும் இடம் அது. பி.எச் மீட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுக்ரோஸ்: ஆய்வகத் தர சுக்ரோஸ் 8.56 கிராமை இதே பஃபரில் கரைத்து 100 மி.லி. ஆக்கினால் 250 மில்லிமோலார். அதில் 10 மி.லி. எடுத்துப் பஃபரால் 50 மி.லி. ஆக்கினால் 50 மில்லிமோலார். இரண்டு கரைசல் வைத்துக்கொள்வது வீண் வேலையல்ல. ஒரே கரைசலிலிருந்து 5 மில்லிமோலார் எடுக்கப் போனால் 0.04 மி.லி. பிப்பெட் செய்ய வேண்டிவரும், சாதாரணக் கண்ணாடிப் பிப்பெட்டில் அது துல்லியமாக வராது. அமிலக் கரைசலில் சுக்ரோஸ் நொதியில்லாமலேயே மெல்ல உடையும், பூஞ்சையும் பிடிக்கும். அதனால் அன்றன்று தயாரியுங்கள்.

டி.என்.எஸ்.ஏ: 3,5-டைநைட்ரோசாலிசிலிக் அமிலம் 1 கிராமை, 2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி.யும் நீர் 50 மி.லி.யும் சேர்ந்த கலவையில் கரையுங்கள். மெதுவாகத்தான் கரையும். லேசாகச் சூடேற்றலாம், கொதிக்கவிடக் கூடாது. பிறகு சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட் 30 கிராம் சேர்த்து, முழுவதும் கரைந்தபின் 100 மி.லி. ஆக்குங்கள். பழுப்பு நிறப் புட்டியில் இறுக மூடி வையுங்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே போனால் காரம் குறையும். சோதனை முழுவதற்கும் 200 மி.லி.க்குக் குறையாமல் தேவைப்படும். அதை ஒரே தொகுதியாகத் தயாரியுங்கள். இந்தக் கரைசல் தோலில் மஞ்சள் கறை விடும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வாயால் உறிஞ்சிப் பிப்பெட் செய்யக் கூடாது.

ஸ்டாண்டர்டு (ஒப்பிட்டு அளக்க, சர்க்கரை அளவு தெரிந்த கரைசல்): குளுக்கோஸ் 50 மி.கி., ஃப்ரக்டோஸ் 50 மி.கி. இரண்டையும் சேர்த்துப் பஃபரில் 100 மி.லி. ஆக்குங்கள். 1 மி.லி.யில் 1 மி.கி. இருக்கும். குளுக்கோஸ் மட்டும் வைத்து ஸ்டாண்டர்டு போடுபவர்கள் உண்டு. ஆனால் வினையில் பிறப்பது இரண்டும் சரிபாதி கலந்த கலவை என்பதால், ஸ்டாண்டர்டும் அப்படியே இருப்பதுதான் முறை.

நொதி: உலர் ஈஸ்ட் 2 கிராம், கழுவி உலர்த்திய மெல்லிய மணல் 2 கிராம், குளிர்ந்த பஃபர் 20 மி.லி. ஐஸ் மேல் வைத்த கல்வத்தில் 10 நிமிடம் நன்றாக அரையுங்கள். அரை மணி நேரம் ஐஸிலேயே விட்டு, சென்ட்ரிஃபியூஜில் நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் 15 நிமிடம் சுற்றி, மேலே தெளிந்த நீரை எடுங்கள். சென்ட்ரிஃபியூஜ் இல்லையென்றால் வாட்மன் 1 தாளில் வடிகட்டலாம், நேரம் பிடிக்கும். வடிநீர் கலங்கலாக இருந்தால் அதில் ஈஸ்ட் செல்கள் மிதக்கின்றன என்று பொருள். அவை பிறக்கும் குளுக்கோஸைத் தின்றுவிடும், அளவு குறைவாகக் காட்டும். தெளியும்வரை மறுபடி சுற்றுங்கள் அல்லது வடிகட்டுங்கள்.

ஸ்டாண்டர்டு கோடு

அகன்ற 25 மி.லி. குழாய்களில் ஸ்டாண்டர்டு கரைசல் 0, 0.2, 0.4, 0.8, 1.2, 1.6, 2.0 மி.லி. எடுத்து ஒவ்வொன்றையும் பஃபரால் 2 மி.லி. ஆக்குங்கள். டி.என்.எஸ்.ஏ 2 மி.லி. சேர்த்துக் கொதிநீரில் சரியாக 5 நிமிடம் வையுங்கள். எடுத்துக் குழாய்நீரில் குளிரவைத்து, காய்ச்சி வடித்த நீர் 16 மி.லி. சேர்த்துக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். நிறத்தின் அடர்வை 540 நானோமீட்டர் ஒளியில் அல்லது கலரிமீட்டரின் பச்சை ஃபில்டரில் அளவெடுங்கள். சர்க்கரை சேர்க்காத குழாயை வைத்துச் சுழியம் செய்துகொள்ள வேண்டும்.

இங்கே சறுக்குவது பெரும்பாலும் கொதிநீரில்தான். சின்னப் பீக்கரில் கொதிக்கும் நீருக்குள் இருபது குளிர்ந்த குழாய்களை இறக்கினால் கொதிப்பு உடனே நின்றுவிடும். மறுபடி கொதிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் ஐந்து நிமிடத்தில் பாதி போய்விடும். அகலமான பாத்திரம், நிறைய நீர், பலமான தீ வேண்டும். குழாயின் வாயில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் ஆவியாகிப் போகாது. ஸ்டாண்டர்டுக் குழாய்களும் சோதனைக் குழாய்களும் ஒரே டி.என்.எஸ்.ஏ தொகுதியைக் கொண்டு, ஒரே மாதிரி வெப்பத்தில் வெந்திருக்க வேண்டும். போன வாரத்துக் கோட்டை இந்த வாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

கோடு மிகக் குறைந்த சர்க்கரை அளவில் சற்றுத் தாழ்ந்து வளைவது டி.என்.எஸ்.ஏ முறையின் இயல்பு. முதல் சிறிதளவு சர்க்கரை நிறம் தராமலேயே செலவாகிறது. ஆகவே கோட்டைச் சுழியம் வழியாக வலுக்கட்டாயமாக இழுக்காமல், புள்ளிகள் போகும் வழியிலேயே வரைந்து, அதிலிருந்து நேரடியாகப் படியுங்கள்.

நொதியை எவ்வளவு நீர்க்க வைப்பது

அரைத்தெடுத்த ஈஸ்ட் நீர் மிக வலுவானது. அப்படியே ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் குறைந்த செறிவுக் குழாய்களில் சுக்ரோஸ் முழுவதும் தீர்ந்துவிடும். அப்போது நீங்கள் அளப்பது வேகத்தை அல்ல, ஊற்றிய சர்க்கரையின் அளவை. விளைவு என்ன? செறிவு இரட்டிப்பானால் அளவும் இரட்டிப்பாகும், அழகான நேர்கோடு கிடைக்கும். வளைகோடு வரவில்லையே என்று குழம்புபவர்களில் பாதிப் பேரின் சிக்கல் இதுதான்.

நொதியைப் பஃபரால் 20 மடங்கு, 100 மடங்கு, 500 மடங்கு எனத் தனித்தனியாக நீர்க்க வையுங்கள். ஒவ்வொன்றையும் 100 மில்லிமோலார் சுக்ரோஸில் சோதியுங்கள்: 250 மில்லிமோலார் கரைசல் 0.8 மி.லி., பஃபர் 1.0 மி.லி., நொதி 0.2 மி.லி. 37 டிகிரி வாட்டர் பாத்தில் 5 நிமிடம் வைத்து, டி.என்.எஸ்.ஏ 2 மி.லி. ஊற்றி நிறுத்துங்கள். அதிலுள்ள காரம் நொதியை உடனே முடக்கிவிடும். குழாயில் 1.5 முதல் 1.8 மி.கி. வரை சர்க்கரை பிறக்கும் நீர்ப்புதான் உங்களுக்கு வேண்டியது. இடைப்பட்ட நீர்ப்புகளையும் போட்டு அந்த இடத்தைப் பிடியுங்கள். ஈஸ்ட்டுக்கு ஈஸ்ட் இது மாறும், ஆகவே மற்றவர் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெப்பநிலைக்கு 37 டிகிரி என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. சாதாரண வாட்டர் பாத் சூடேற்றும், குளிர்விக்காது. சென்னையிலோ மதுரையிலோ கோடையில் அறையே 35 டிகிரியைத் தாண்டும்போது 30 டிகிரிக்கு வைத்த பாத் தன்போக்கில் ஏறிக்கொண்டே போகும். அறையை விடச் சூடான ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தால்தான் அது நிலையாக நிற்கும். கோடை உச்சத்தில் அறை 37ஐயும் எட்டுகிற நாளில் 40க்கு மாற்றிக்கொள்ளுங்கள். எதுவானாலும் கடைசிவரை அதே வெப்பநிலைதான்.

நேரத்தைச் சோதிப்பது

தேர்ந்தெடுத்த நீர்ப்பில் 20 மி.லி. மொத்தமாகத் தயாரித்து ஐஸில் வையுங்கள். இனிமேல் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே தொகுதிதான்.

வரிசையின் இரண்டு ஓரங்களிலும் வினை எப்படி நகர்கிறது என்று பாருங்கள். 5 மில்லிமோலாருக்கு: 50 மில்லிமோலார் சுக்ரோஸ் 1.2 மி.லி., பஃபர் 9.6 மி.லி. ஆகியவற்றைச் சின்னக் குடுவையில் 37 டிகிரிக்குச் சூடேற்றி, நொதி 1.2 மி.லி. சேர்த்துக் கடிகாரத்தை ஓடவிடுங்கள். 2, 4, 6, 8, 10ஆம் நிமிடங்களில் 2 மி.லி. எடுத்து, டி.என்.எஸ்.ஏ 2 மி.லி. தயாராக இருக்கும் குழாயில் ஊற்றுங்கள். 150 மில்லிமோலாருக்கு: 250 மில்லிமோலார் சுக்ரோஸ் 7.2 மி.லி., பஃபர் 3.6 மி.லி., நொதி 1.2 மி.லி. இதில் வேகம் அதிகம் என்பதால் 1, 2, 3, 4, 5ஆம் நிமிடங்களில் எடுங்கள்.

பிறந்த சர்க்கரையை நேரத்துக்கு எதிரே வரையுங்கள். 5ஆம் நிமிடம்வரை இரண்டும் நேர்கோடாக இருந்தால் மேலே போகலாம். 5 மில்லிமோலார் கோடு அதற்குமுன்பே வளைந்தால் நொதி அதிகம். மேலும் நீர்க்க வையுங்கள், அல்லது நேரத்தை 3 நிமிடமாகக் குறையுங்கள். இந்தச் சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். இது இல்லாமல் எடுத்த செறிவு வரைபடத்தை நம்ப வழியே இல்லை.

தொடக்க வேகம் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், வினை நடக்க நடக்க நீங்கள் போட்ட செறிவு அங்கே இருப்பதில்லை. 5 மில்லிமோலார் குழாயில் பத்தில் ஒரு பங்கு தீர்ந்தால் 4.5 ஆகிவிடும், அந்தக் கடைசி நொடியில் வேகம் தொடக்கத்தை விட 8 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். சராசரியாக 4 சதவீதப் பிழை. அதுவரை பொறுத்துக்கொள்ளலாம். பாதி தீர்ந்தபின் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

செறிவு வரிசை

எட்டுச் செறிவுகள் போதும். கே.எம் எனப்படும் பாதிவேகச் செறிவுக்கு (வேகம் அதன் உச்சத்தில் பாதியாக இருக்கும் செறிவுக்கு) இருபுறமும் புள்ளிகள் பரவியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மைக்கேலிஸும் மென்டனும் பெற்றது 16.7 மில்லிமோலார். பேக்கரி ஈஸ்ட்டில் சில பத்து மில்லிமோலார் அளவில் எதிர்பார்க்கலாம்.

50 மில்லிமோலார் கரைசலிலிருந்து:
5 மில்லிமோலாருக்குச் சுக்ரோஸ் 0.2 மி.லி., பஃபர் 1.6 மி.லி.
10க்கு 0.4, பஃபர் 1.4
20க்கு 0.8, பஃபர் 1.0
30க்கு 1.2, பஃபர் 0.6

250 மில்லிமோலார் கரைசலிலிருந்து:
50க்கு 0.4, பஃபர் 1.4
75க்கு 0.6, பஃபர் 1.2
100க்கு 0.8, பஃபர் 1.0
150க்கு 1.2, பஃபர் 0.6

ஒவ்வொன்றுக்கும் மூன்று குழாய்கள்: இரண்டு சோதனைக்கு, ஒன்று பிளாங்க், அதாவது வினை நடக்காத ஒப்பீட்டுக் குழாய். பிளாங்க்கில் முதலில் டி.என்.எஸ்.ஏ 2 மி.லி. ஊற்றி, அதற்குப் பிறகுதான் நொதி சேர்க்க வேண்டும். நொதி வேலை தொடங்குமுன்பே முடங்கிவிடும்.

ஒரே பிளாங்க்கை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பார்கள். 150 மில்லிமோலார் குழாயில் ஏறக்குறைய 103 மி.கி. சுக்ரோஸ் இருக்கிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒடுக்கும் சர்க்கரை கலந்திருந்தாலே 0.1 மி.கி. கூடுதலாகக் காட்டும். 5 மில்லிமோலார் குழாயில் சுக்ரோஸே 3.4 மி.கி.தான், அங்கே அந்தக் கலப்பு தெரியாது. பிழை மேல் ஓரத்தில் மட்டும் ஏறி, மட்டமாக வேண்டிய கோட்டை மேல்நோக்கித் தூக்கிவிடும். மளிகைக்கடைச் சர்க்கரையை எடுத்தால் இந்தத் தொல்லை இன்னும் கூடலாம்.

முதல் எட்டுக் குழாய்களையும் 37 டிகிரியில் 5 நிமிடம் வையுங்கள். பிறகு 30 நொடிக்கு ஒரு குழாய் வீதம் நொதி 0.2 மி.லி. சேர்த்துக் குலுக்குங்கள். எட்டாவது குழாய்க்குச் சேர்க்கும்போது மூன்றரை நிமிடம் ஆகியிருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் முதல் குழாயில் டி.என்.எஸ்.ஏ ஊற்றி, அதே வரிசையில் 30 நொடிக்கு ஒன்றாக நிறுத்திக்கொண்டே வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் சரியாக 5 நிமிடம் கிடைக்கும். ஒருவர் நேரம் சொல்ல, ஒருவர் ஊற்றினால் தடுமாற்றம் இருக்காது. இரண்டாவது எட்டைத் தலைகீழ் வரிசையில், 150இல் தொடங்கி 5இல் முடியுங்கள். நொதி நேரம் ஆக ஆகத் தளர்ந்திருந்தால் இரண்டு வரிசைகளும் ஒத்துப்போகாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறுத்திய குழாய்கள் காத்திருக்கலாம். எல்லாவற்றையும், புதிய ஸ்டாண்டர்டுக் குழாய்களோடு சேர்த்து, ஒரே கொதிநீரில் 5 நிமிடம் வைத்து, குளிர்வித்து, 16 மி.லி. நீர் சேர்த்து அளவெடுங்கள்.

கணக்கு

சோதனைக் குழாய், பிளாங்க் இரண்டின் சர்க்கரை அளவையும் ஸ்டாண்டர்டுக் கோட்டிலிருந்து மி.கி.யில் படித்து, பிளாங்க்கைக் கழியுங்கள். 1 மி.கி. என்பது 5.55 மைக்ரோமோல். ஒரு சுக்ரோஸ் உடைந்தால் இரண்டு ஒடுக்கும் சர்க்கரைகள் வருவதால் 2ஆல் வகுக்க வேண்டும். இதை மறந்தால் வேகம் எல்லாமே இரண்டு மடங்காகும். 5 நிமிடத்தாலும் வகுத்தால், மொத்தத்தில் மி.கி.யை 0.555ஆல் பெருக்கினால் போதும்: நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோமோல் சுக்ரோஸ் உடைந்தது என்று வரும்.

கணக்கு விளங்குவதற்காக, கே.எம் 25 மில்லிமோலார், உச்ச வேகம் 1.20 என்று வைத்து எழுதிய எண்கள் இவை: 5 மில்லிமோலாரில் வேகம் 0.20, 10இல் 0.34, 20இல் 0.53, 30இல் 0.65, 50இல் 0.80, 75இல் 0.90, 100இல் 0.96, 150இல் 1.03. ஐந்திலிருந்து பத்துக்குப் போகும்போது வேகம் 0.14 ஏறுகிறது. நூறிலிருந்து நூற்றைம்பதுக்குப் போனால் பத்து மடங்கு அதிக சர்க்கரை சேர்த்தும் 0.07தான் ஏறுகிறது. குறைந்த செறிவில் பெரும்பாலான நொதி மூலக்கூறுகளின் செயலிடம் காலியாக இருக்கிறது, சுக்ரோஸ் வந்து மோதும் வாய்ப்புதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. செறிவு கூடினால் செயலிடங்கள் ஏறக்குறைய எப்போதும் நிரம்பியே இருக்கும். அப்போது வேகத்தைத் தீர்மானிப்பது பிணைப்பை வெட்டி விளைபொருளை வெளியே விடும் நேரம்.

இதைச் சொல்லும் சமன்பாடு: வேகம் = உச்ச வேகம் × செறிவு ÷ (கே.எம் + செறிவு). செறிவு கே.எம்முக்குச் சமமானால் பாதி வேகம். நான்கு மடங்கானால் 80 சதவீதம். ஒன்பது மடங்கில்தான் 90 சதவீதம். அதாவது மட்டம் என்பது நெருங்கிக்கொண்டே போகும் ஒன்று, எட்டுவது அல்ல. வரைபடத்தின் கடைசிப் புள்ளியையே உச்ச வேகம் என்று எடுப்பது பரவலான தவறு. மேலே உள்ள எண்களில் 1.03ஐ உச்சம் என்று கொண்டு, அதன் பாதிக்கு எதிரே உள்ள செறிவைப் படித்தால் 19 அளவில் வரும். உண்மை 25.

ஆகவே கோட்டை நேராக்கிப் படிக்க வேண்டும். பாடத்திட்டத்தில் இருப்பது 1934இல் லைன்வீவரும் பர்க்கும் சொன்ன தலைகீழ் வரைபடம்: 1 ÷ வேகத்தை, 1 ÷ செறிவுக்கு எதிரே வரைவது. தேர்வுக்கு அதைத் தெரிந்துகொள்ளுங்கள். உண்மையான அளவுகளுக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 5 மில்லிமோலாரில் 0.20க்குப் பதில் 0.17 என்று அளவு வந்துவிட்டால் தலைகீழ் எண் 5.00இலிருந்து 5.88க்குத் தாவும். அதே 0.03 பிழை 150 மில்லிமோலாரில் நேர்ந்தால் தலைகீழ் எண் 0.97இலிருந்து வெறும் 1.00 ஆகும். அளப்பதற்கு மிகக் கடினமான புள்ளியே கோட்டின் சாய்வைத் தீர்மானித்துவிடுகிறது.

ஹேன்ஸ் வரைபடம் இதைவிட நம்பகமானது. செறிவை வேகத்தால் வகுத்து, அதைச் செறிவுக்கு எதிரே வரையுங்கள். நம் எண்களில் 5க்கு 25.0, 20க்கு 37.5, 50க்கு 62.5, 100க்கு 104.2, 150க்கு 145.8 என்று நேர்கோடு வரும். சாய்வு 0.833, அதன் தலைகீழ் 1.20தான் உச்ச வேகம். செங்குத்து அச்சை வெட்டும் இடம் 20.8. அதை 1.20ஆல் பெருக்கினால் கே.எம் 25. கணினி இருந்தால் எக்செலின் சால்வரில் சமன்பாட்டையே நேரடியாகப் பொருத்துவது இதைவிடவும் நல்லது. ஹேன்ஸில் கிடைத்த மதிப்புகளைத் தொடக்க எண்களாகக் கொடுங்கள்.

வரைபடம் சரியாக வராதபோது

முழுக்க நேர்கோடு என்றால் முதலில் நொதி அதிகமா என்று பாருங்கள். 5 மில்லிமோலார் குழாயில் இருக்கும் சுக்ரோஸ் முழுவதும் உடைந்தால் 3.6 மி.கி. சர்க்கரை வரும். உங்கள் அளவு அதன் பக்கத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அளவு சிறியதாகவும் கோடு நேராகவும் இருந்தால், எடுத்த செறிவுகள் எல்லாமே கே.எம்முக்கு மிகவும் கீழே இருக்கின்றன. 

திடீரென்று வெட்டியதுபோல மட்டமானால் கலரிமீட்டரைச் சந்தேகியுங்கள். நிறம் மிக அடர்ந்தால் கருவியே மேலே காட்டாது. கடைசிக் குழாயில் 5 மி.லி. எடுத்து 5 மி.லி. நீர் சேர்த்து மறுபடி அளவெடுங்கள். அளவு பாதியாகக் குறையாவிட்டால் நீங்கள் கண்ட மட்டம் நொதியுடையது அல்ல, கருவியுடையது. எல்லாக் குழாய்களையும், ஸ்டாண்டர்டு உட்பட, ஒரே அளவில் நீர்க்க வைத்து மீண்டும் படியுங்கள்.

தொடக்கத்தில் வேகம் மந்தமாக ஏறிப் பிறகு விறுவிறுப்பானால் வளைகோடு ஆங்கில எழுத்து எஸ் போலத் தெரியும். அலோஸ்டெரிக் நொதிகளில் (ஓரிடத்தில் ஒரு மூலக்கூறு ஒட்டினால் மற்றோரிடத்தின் செயல் மாறும் நொதிகளில்) அது உண்மையான பண்பு. இந்தச் சோதனையில் அப்படி வந்தால், டி.என்.எஸ்.ஏ குறைந்த சர்க்கரையைத் தவறவிட்டதாகவே இருக்கும். ஸ்டாண்டர்டுக் கோட்டின் கீழ்ப்பகுதியை 0.2 மி.கி. இடைவெளியில் மறுபடி போட்டுப் பாருங்கள்.

150க்கு மேல் போய்ப் பல நூறு மில்லிமோலார் வரை கூட்டினால் வேகம் இறங்கத் தொடங்கும். அது பிழையல்ல. அதிகச் சுக்ரோஸ் நொதியையே தடுக்கிறது, கரைசல் கெட்டியாகிறது, பிளப்புக்குத் தேவையான நீரின் பங்கும் குறைகிறது. கே.எம் கணக்கில் இந்த இறங்கு புள்ளிகளைச் சேர்த்தால் கோடு கெடும். அவற்றைத் தனியே வரைந்து காட்டுங்கள்.

இரட்டைக் குழாய்கள் ஒன்றுக்கொன்று 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் 0.2 மி.லி. நொதி ஊற்றும் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குழாயின் சுவரில் துளி ஒட்டிக்கொண்டால் அது வினையில் சேராது. பிப்பெட் நுனியைக் கரைசலின் மட்டத்துக்கருகே கொண்டுபோய் விட்டு, உடனே குலுக்குங்கள்.

எல்லாம் சரியாக வந்தபின், அதே நொதியை மேலும் இரண்டு மடங்கு நீர்க்க வைத்து வரிசை முழுவதையும் மறுபடி ஓட்டுங்கள். நேரத்தை 10 நிமிடமாக்கினால் பிறக்கும் சர்க்கரை முன்போலவே இருக்கும், நிறம் படிக்கச் சிரமம் இராது. பெருக்கும் எண் 0.555க்குப் பதில் 0.278. உச்ச வேகம் பாதியாக, 1.20 இருந்த இடத்தில் 0.60 வர வேண்டும். கே.எம் 25இலேயே நிற்க வேண்டும். அதுவும் நகர்ந்தால் முதல் ஓட்டத்தில் நொதி அதிகமாக இருந்திருக்கிறது, நேரச் சோதனைக்குத் திரும்புங்கள். குறிப்பேட்டில் கே.எம் மதிப்பை எழுதும்போது பி.எச், வெப்பநிலை, பஃபரின் பெயரும் செறிவும், ஈஸ்ட்டின் வகை ஆகியவற்றைப் பக்கத்திலேயே எழுதுங்கள். இவற்றில் ஒன்று மாறினாலும் அந்த எண்ணும் மாறக்கூடும்.

மீந்த டி.என்.எஸ்.ஏ கரைசலையும் நிறம் ஏறிய குழாய்களில் உள்ளதையும் சிங்க்கில் கொட்டாமல், நைட்ரோ சேர்மங்களுக்கான கழிவுப் புட்டியில் சேருங்கள்.